கடமான் கொம்பில் வந்தவை

தென்மேற்கு மழை முதன்முதலில் வந்து முட்டுகிற மலைகளில், மேகத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு வேலிகூட இல்லாத சங்கிலிமெட்டு என்கிற சின்ன பஜாரில், வேட்டைக்குத் தடை வந்து துப்பாக்கிகளெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் அலமாரிக்குள் போய்ப் பல வருஷங்கள் கழிந்த பிறகு, மழை ஓய்ந்த ஒரு காலையில், பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு கடமான் வந்து நின்றது. அதன் வலது கொம்பில் ஒரு சூரிக்கத்தி உறையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்த ஏலிக்குட்டி அதைப் பார்த்தாள், ஆற்றுவதை நிறுத்தவில்லை. கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒச்சப்பனிடம், "சேட்டா, நிங்கட கத்தியல்லே அது? சிவப்பு நூல் போட்டுத் தைச்ச உறை?" என்றாள்.

ஒச்சப்பன் எட்டிப் பார்த்தார். அவருடைய கத்திதான். கல்யாணத்துக்கு முந்தின வருஷமோ அதற்கும் முந்தின வருஷமோ, காட்டாறு இடுப்பளவு ஓடும்போது கடக்கப்போய் இடுப்பிலிருந்து நழுவிப் போன கத்தி. கிளாஸை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த தபாலை வாங்கப் போகிறவர்போல நடந்து போனார். கடமான், தலையிலிருக்கும் குடத்தை இறக்கக் குனிகிற பெண்ணைப் போல மெதுவாகக் கழுத்தைத் தாழ்த்தியது. அவர் கத்தியைக் கழற்றிக்கொண்டார். டீக்கடைத் தகரக் கூரையில் வெயில் விழுவதற்குள் அது திரும்பி, ஏலக்காட்டு வழியாக ஏறி, மேகத்துக்குள் போய்விட்டது.

இதில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கத்தி இன்னும் வெட்டுமா என்பதில்தான் பஜாரில் பேச்சு நடந்தது. கசாப்புக்கடைக்காரர் வாங்கி ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பார்த்தார். வெட்டியது.

மறுநாளும் அது வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு நாள் ஒச்சப்பனின் மூன்று செல் டார்ச், ஒரு நாள் அவருடைய சுரைக்குடுவை, ஒரு நாள் ஒற்றைக் கேன்வாஸ் ஷூ, ஒரு நாள் அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் தேய்க்கிற புகையிலையும் சுண்ணாம்பும் உப்பும் கட்டிய துணிப்பொட்டலம். ஒவ்வொன்றையும் அவர் டீக்கடை பெஞ்சில் வைத்து, அது எந்த மலையில், எந்த மழையில், எதைத் துரத்திப் போகும்போது தொலைந்தது என்று சொல்லச் சொல்ல, பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். டார்ச் தொலைந்த ராத்திரி ஒரு கரடி தன் குட்டிகளோடு அவரைத் தாண்டிப் போனது. குடுவை தொலைந்த அன்று தண்ணீரில்லாமல் மூங்கிலை வெட்டி அதற்குள்ளிருந்ததைக் குடித்தார்கள். அவர் 'நான்' என்று ஒருபோதும் சொன்னதில்லை. 'நானும் மாப்பிள்ளையும்' என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். கேட்பவர்களும் அந்தக் கணத்தில் எங்காவது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

மாப்பிள்ளை என்பது தவசி, அவருடைய தங்கச்சி வெள்ளத்தாயின் புருஷன். அந்தக் காலத்தில் வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு. மழை முடிந்ததும் அடிவாரத்து ஆபீஸில் போய் நின்றால் ஒவ்வொரு ஆளுக்கும் தகர வில்லைகள் கொடுப்பார்கள். கடமானுக்கு ஒரு வில்லை, பன்றிக்கு ஒன்று, காட்டுக்கோழிக்கு ஒன்று. வில்லையில் நம்பர் அடித்திருக்கும். விழுந்த மிருகத்தின் கொம்பிலோ காலிலோ அந்த வில்லையைச் சணல் போட்டுக் கட்டித்தான் மலையிறக்க வேண்டும். வில்லை தீர்ந்தால் வேட்டை தீர்ந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் வில்லைகளைக் கழுத்தில் கோத்துக்கொண்டு ஏறுகிற நாளில் அவை ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கிற சத்தம் கேட்டுத்தான் பஜார் சனத்துக்கு மழைக்காலம் முடிந்தது என்று தெரியும். தடை வருவதற்கு முந்தின கடைசி வருஷத்தில், ஒச்சப்பன் துப்பாக்கியில் வைத்த வெடி ஒரு பெரிய கடமானின் பின்தொடையில் பட்டது. அது விழாமல் ஓடியது. காயம்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்குகிறவன் வேட்டைக்காரன் இல்லை. ஆனால் ஒச்சப்பன் பாறையில் சறுக்கி, முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போயிருந்தது.

"நீ இறங்கு மச்சான். ரத்தத்தடம் நல்லா விழுந்திருக்கு. நான் போய் முடிச்சிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தவசி தடத்தைப் பார்த்துக் குனிந்தபடியே மேகத்துக்குள் போனார்.

திரும்பவில்லை. பஜாரே திரண்டு தேடியது. துணி இல்லை, எலும்பு இல்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை. வெள்ளத்தாய் அன்றைக்கு அண்ணனிடம் "நீ எப்படி ஒத்தையில இறங்கி வந்த?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் எதுவுமே கேட்கவில்லை, பேசவுமில்லை. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னாலிருந்த எஸ்டேட் லைன் வீட்டில், கழுத்தில் தாலியோடும் நெற்றியில் குங்குமத்தோடும், காய் பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டு, ராத்திரிக்குச் சோறாக்கும்போது இரண்டு பேருக்கு ஆக்கி, காலையில் பழையதைத் தானே தின்றுகொண்டு, அவளுக்கு முடி நரைத்தது.

ஒச்சப்பனின் சாமான்கள் தீர்ந்த பிறகு கடமான் மற்றவர்களுடையதைக் கொண்டுவர ஆரம்பித்தது. எஸ்டேட் கணக்கப்பிள்ளையின் குடை வந்தது. ஏலிக்குட்டியின் அம்மா விறகு பொறுக்கப் போய்த் தொலைத்த வெள்ளி ஜெபமாலை வந்தது, ஏலிக்குட்டி அதை முத்தமிட்டு டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். மாட்டு மணி வந்தது, மாட்டுக்காரர் செத்துப்போயிருந்ததால் அவருடைய மகள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். கீழ்நாட்டிலிருந்துகூட ஆட்கள், இந்த மலையில் எப்போதோ எதையோ தொலைத்தவர்கள், முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் நின்றார்கள். ஏலிக்குட்டி விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டினாள். ஆனால் ஒச்சப்பன் கையைத் தவிர வேறு கை கிட்டே வந்தால் கடமான் காலைத் தட்டிப் பின்வாங்கும், அதனால் எல்லாவற்றையும் அவர்தான் இறக்கிக் கொடுத்தார்.

ஃபாரஸ்டர் ஞானதாஸுக்குத்தான் கொஞ்சம் சங்கடம். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பொறுமைசாலி. முதல் வாரம் முழுக்க ரோட்டோரமாக நின்று யோசித்துவிட்டு, ஒச்சப்பனிடம் வந்து சொன்னார்: "காட்டு மிருகத்தைத் தொடப்படாதுங்கிறதுதான் சட்டம், பெரியவரே. நீங்க சாமானைத்தானே தொடுதீக. மிருகத்தைத் தொடாம எடுத்துக்கிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல."

"அதத் தொடுறதுக்கு எனக்கு மட்டும் தைரியம் இருக்கா, சார்" என்றார் ஒச்சப்பன்.

உண்மைதான். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. அதன் பின்தொடையில் மயிர் சுழித்து வளர்ந்த தழும்பை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் மேகம் விலகும்போது அவருடைய கண் முதலில் கொம்புக்குத்தான் போகும். அது தவசியின் ஒற்றைக்குழல் துப்பாக்கியாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வார். குடையோ மணியோ என்று தெரிந்ததும் மூச்சு விடுவார். பஜாரும் அப்படித்தான் மூச்சுவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தவசியின் பொருள் என்று ஒன்று வந்துவிட்டால் வெள்ளத்தாயின் கழுத்தில் இருப்பது இறங்கியாக வேண்டும் என்பதைப் பெண்கள் தங்களுக்குள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். வெள்ளத்தாய் ஒரு நாளும் பஸ் திரும்புகிற பக்கம் வரவில்லை.

மார்கழிப் பனி விழத் தொடங்கிய ஒரு காலையில் துப்பாக்கி வந்தது.

கொம்பின் இரண்டு கிளைகளுக்கு நடுவே, தோள்வார் சுற்றிக் குறுக்காகக் கிடந்தது. விசைக்குப் பக்கத்தில் சணலில் கட்டிய ஒரு தகர வில்லை. வரிசையில் நின்ற கூட்டம் தானாகவே பின்னால் நகர்ந்தது. ஒச்சப்பன் அதை இறக்கும்போது குழல் கொம்பில் பட்டு, கணீரென்று ஒரு சத்தம் வந்தது.

கங்காணி ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இனிமே தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிருங்க, ஒச்சப்பா. அந்த ஆத்மாவும் அலையாம இருக்கும்" என்றார்.

ஒச்சப்பன் பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஏலக்காய் வாசம் அடிக்கிற ஸ்டோரைத் தாண்டி, லைன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஞானதாஸ் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். ஒரு துப்பாக்கி ரோட்டில் போகும்போது அவர் வராமல் இருக்க முடியாது. வெள்ளத்தாய் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை வாங்கினாள்.

அவள் அழுவாள் என்று ஒச்சப்பன் நினைத்தார். அவள் அழவில்லை. குழலை விரலால் தடவிப் பார்த்தாள். கட்டையை முகர்ந்து பார்த்தாள். வில்லை கட்டியிருந்த சணலை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, அதையும் முகர்ந்தாள். முகர்ந்துகொண்டே வெகுநேரம் நின்றாள். பிறகு, அத்தனை வருஷங்களுக்கு அப்புறம், அண்ணனைப் பார்த்துப் பேசினாள்.

"இதுல துருவே இல்லையேண்ணே."

ஒச்சப்பன் குழலைக் குனிந்து பார்த்தார்.

"எண்ணெய் வாசம் அப்படியே இருக்கு. சணல்ல வேர்வை வாசம் இருக்கு. இவரு வேர்வை எனக்குத் தெரியாதா? இது நேத்து சாயங்காலம் வரைக்கும் ஆள் கையில இருந்த துப்பாக்கி. தண்ணி குடிக்க எங்கயாச்சும் சாய்ச்சு வெச்சிருப்பாரு. அசந்த நேரத்துல அது தூக்கிட்டு வந்துருச்சு."

"வெள்ளத்தாயி..."

"அது எந்த மானுண்ணே?"

கேட்டுவிட்டு அவள் அவரையே பார்த்தாள். ஒச்சப்பன் வாசற்படியில் உட்கார்ந்தார். "நான் வெடி வெச்ச மான்தான். பின்தொடையில தழும்பு இருக்கு. மொத நாளே பாத்தேன்" என்றார்.

"அப்புறம் என்ன? அவரு அது தடத்தப் பிடிச்சுத்தான போனாரு. இன்னும் அது தடத்துலதான் வந்துக்கிட்டு இருக்காரு. காலையில அது இங்க வருது, வெயில் ஏறுறதுக்குள்ள போயிருது. அவரு வந்து சேர்றதுக்குள்ள அது வேற மலையில இருக்கு. நிக்காத மானை யாருண்ணே பிடிக்க முடியும்?" அவள் வாளியில் மிச்சமிருந்த சாணித் தண்ணீரை ஒரே வீச்சில் வாசலில் தெளித்தாள். "அதைப் பொழுது சாயிற வரைக்கும் இங்க நிக்க வைங்க. அவரு வந்துருவாரு."

இதைக் கேட்டுப் பஜார் சிரிக்கவில்லை. இவ்வளவு நாளாக இது நமக்குத் தோணவில்லையே என்றுதான் பேசிக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் கூடினார்கள். கயிறு போடலாம் என்று ஒருவர் சொன்னார், ஞானதாஸ் முடியவே முடியாது என்றார். தின்ன ஏலச்செடித் தட்டை போடலாம் என்றார் இன்னொருவர், அதுதான் மலை முழுக்க இருக்கிறதே. கடைசியில் ஒச்சப்பன் சொன்னார்: "உப்பு. உப்பு மண்ணு இருக்கிற பள்ளத்துலதான் நாங்க காத்துக் கெடப்போம். கடமான் உப்பைக் கண்டா உயிரை மறந்துரும். எல்லாத்துக்கும் பயப்படும், உப்பை மட்டும் விட்டுப் போகாது."

மறுநாள் விடியும்போது சங்கிலிமெட்டில் ஒரு வீட்டிலும் உப்பில்லை. மளிகைக்கடைக்காரர் கல் உப்பு மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார். பெண்கள் உப்பு ஜாடியைக் கவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். ஏலிக்குட்டி மீன் ஊறப்போட்டிருந்த உப்பைக்கூட வழித்து எடுத்து வந்தாள். பஸ் திரும்புகிற இடம் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி விழுந்த மாதிரி கிடந்தது. அன்றைக்குப் பஜார் முழுக்க உப்பில்லாத கஞ்சிதான் குடித்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை.

கடமான் வந்தது. அன்று அதன் கொம்பில் ஒன்றுமில்லை. மூக்கைத் தாழ்த்தியது, நீளமான கறுத்த நாக்கை நீட்டியது, நக்க ஆரம்பித்தது. தகரக் கூரையில் வெயில் விழுந்தது. அது போகவில்லை. முதல் பஸ் வந்து கொண்டை ஊசி வளைவிலேயே நின்றது. ஹாரன் அடிக்கப்போன டிரைவரின் கையை ஞானதாஸ் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, ஒரு ஆளு வரவேண்டியிருக்கு" என்று அவர் சொன்னதும் கண்டக்டர் இன்ஜினை அணைக்கச் சொன்னார், இறங்கிவந்த சனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அழுதால் பால் கொடுத்தார்கள். இருமல் வந்தவர்கள் டீக்கடைக்குப் பின்னால் போய் இருமினார்கள். வெள்ளத்தாய் மஞ்சள் பூசிக் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தது. உப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒச்சப்பன் தரையில் மிச்சமிருந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து உதட்டைக் கடித்தார்.

அப்போது ஏலக்காட்டுச் சரிவில் செடி அசைந்தது.

குனிந்த தலையோடு ஒரு ஆள் இறங்கி வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, காலில் அட்டை கடித்த ரத்தக் கோடுகள், கறுகறுவென்ற மீசை. இத்தனை சனம் நிற்பதை அவர் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். குளம்புத் தடத்தின் ஓரத்தை ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த தடத்துக்கு வந்தார், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதற்கடுத்ததற்கு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் விரல் கடைசியில் ஒரு குளம்பைத் தொட்டது. தொட்டதும் அப்படியே உறைந்து, மெதுவாக நிமிர்ந்தார்.

கடமான் நக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

"என் துப்பாக்கிய யார்ரா எடுத்தது?" என்றார் தவசி, கண்ணை எடுக்காமல், ரொம்ப மெல்லிய குரலில். "அடிபட்ட மானு. பாவம், வேதனையில நிக்குது. குடுங்கடா, முடிச்சு விட்ருவோம்."

ஞானதாஸ் ஒரு எட்டு முன்னால் வந்தார். ஒச்சப்பன் அவரைக் கையால் தடுத்துவிட்டு, வீங்கிய காலத்திலிருந்து சரியாக மடங்காத அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றார். "தொடையப் பாரு, மாப்ள" என்றார்.

தவசி பார்த்தார். பின்னால் சுற்றிப் போய், கையைத் தழும்பின் மேல் வைத்தார். அத்தனை மாதங்களில் ஒச்சப்பனைத் தவிர யாரையும் கிட்டே விடாத கடமான் அசையாமல் நின்றது. அவர் விரல்கள் மயிரைக் கோதிக் கோதித் தேடின. சீழ் இல்லை, ரத்தம் இல்லை, குழிகூட இல்லை.

"ஆறிப்போச்சே" என்றார்.

"ஆறி எம்புட்டோ காலமாச்சு."

"அப்ப நான் எதுக்குப் பின்னாடியே வந்தேன்?"

கடமான் கடைசி உப்புக் கல்லையும் நக்கி முடித்துவிட்டு, உடம்பை ஒரு தடவை உதறிக்கொண்டு, சரிவில் ஏறத் தொடங்கியது. பழக்கத்தில் தவசியின் இடது கால் அதன் பின்னால் எழுந்தது.

"ஏங்க" என்றாள் வெள்ளத்தாய்.

கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு தரையில் இறங்கியது. தவசி திரும்பி, அந்த நரைத்த பெண்ணை, அந்த அரக்குச் சேலையை, அந்தக் கண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெள்ளத்தாயும் அவரை ஏறிட்டாள். தன் புருஷன் தன்னைவிட இவ்வளவு சின்னப்பிள்ளையாக இருப்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கை தன்னையறியாமல் முந்தானையை இழுத்து நரையை மூடப் போனது.

"மூடாத" என்றார் தவசி. "பசிக்குது. சோறு இருக்கா?"

"உப்பில்ல" என்றாள் அவள். சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது. கடமான் அதற்குப் பிறகு வரவில்லை. துப்பாக்கியை ஞானதாஸ் வாங்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் சேர்த்தார். தவசியை ரேஷன் கார்டில் சேர்க்க மட்டும் கொஞ்சம் கஷ்டப்பட்டார்கள். வயசு என்ன போடுவது என்று கேட்டதற்கு, பார்த்தால் என்ன தோணுகிறதோ அதைப் போடுங்கள் என்றாள் வெள்ளத்தாய். புதிதாக வந்த எஸ்டேட் ஆட்கள் யாராவது "மகனா?" என்று கேட்டால், "என் வீட்டுக்காரர்" என்பாள், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தவசி ஏலக்காட்டில் வேலைக்குப் போனார். வேட்டை இனி கிடையாது என்றபோது அவர் கோபப்படவில்லை, எல்லா மலைகளுக்குமா என்று மட்டும் கேட்டார்.

ஒச்சப்பன் தினமும் சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போனார். சொல்லவேண்டியது அவரிடம் மலைமலையாகச் சேர்ந்து கிடந்தது. "ஞாபகம் இருக்கா மாப்ள, அந்தக் கரடி..." என்று ஆரம்பிப்பார். தவசி விழிப்பார். "ஞாபகம் என்ன மச்சான் ஞாபகம்? போன மாசம்தான. கரடிக்கு ரெண்டு குட்டி, ஒண்ணு நொண்டுச்சு." ஒச்சப்பனுக்கு அந்த நொண்டி மறந்தே போயிருந்தது. அத்தனை வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைகளில் அது இருந்ததே இல்லை. முதலில் அவருக்குக் கொஞ்சம் வலித்தது. தான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் இந்த ஆளுக்கு நேற்றைய சமாச்சாரமாக இருக்கிறதே என்று. பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் வெள்ளத்தாய் அடுப்பில் கருவாடு வதக்கிக்கொண்டிருந்தாள். தவசி சுவரில் சாய்ந்தபடி எதையோ சீட்டியடித்தார். குறுகலான ஒரு மெட்டு, ஓரிடத்தில் தடுக்கி மேலே ஏறி இறங்கும்.

"நல்லாருக்கே. எங்க கேட்ட?" என்றார் ஒச்சப்பன்.

"விளையாடுறியா? உப்புப்பள்ளத்துல காவல் இருக்கும்போது நீ அடிச்சதுதான. வாய மூடு, மான் ஓடிரும்னு நான் எத்தன தடவ திட்டினேன்."

ஒச்சப்பன் முன்பற்கள் போன வாயைக் குவித்து, ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், மெட்டு தடுக்கி ஏறுகிற இடத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. உள்ளேயிருந்து வெள்ளத்தாய், கரண்டியைப் பிடித்தபடி, வாய்விட்டுச் சிரித்தாள்.